அனுப்புநர் தெரியாத தாள்

2025 ஜூலை 7, நாசரேத்
பொருள்: கடிதம்

அன்புள்ள மகன் பெனிஸ்டனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நான் சுகம். நீயும் தூத்துக்குடியில் சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். பதினேழு மாதம் கழித்து எழுதுகிறேன். போனில் கேட்டிருக்கலாம். இடது காது போன நவம்பரோடு போயிற்று, வலதும் அதன் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது. எதிரே ஆள் நின்றால் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். போனில் வாய் தெரிவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பள்ளி ஊழியர் ஓய்வூதியர் சங்கத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். இனிமேல் சுற்றறிக்கை எல்லாம் ஈமெயிலில்தானாம். “அண்ணாச்சி, ஒங்க வீட்டுல கம்ப்யூட்டர் சும்மாத்தான கெடக்கு” என்றார் தலைவர் ஜீவமணி. சும்மாதான் கிடந்தது. உன் அம்மாவின் நினைவு ஜெபக்கூட்டத்தன்று நீ பிளக்கைப் பிடுங்கிப் போட்டபடியே, துணி மூடிக் கிடந்தது. பஜாரில் கடையில் கொடுத்தேன். உள்ளே இருந்ததை எல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தந்தார்கள். உன் அம்மா மெட்டில்டாவின் படங்கள் திரும்பாது என்று அவர்களும் சொல்லிவிட்டார்கள்.

‘இன்று மாலைக்குள் கரண்ட் கட் ஆகும்’ என்று அப்போது வந்த போலி மெயிலை நம்பித் திறந்து, அந்தப் படங்கள் எல்லாவற்றையும் வைரஸ் பூட்டுப் போட வைத்தவன் நான். சங்கத்தில் நாற்பத்துமூன்று பேர். என் கையால் அவர்களுக்கு ஒரு கெடுதல் வந்துவிடக் கூடாது. என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று எழுதி அனுப்பவும். ஆபீஸ் விஷயமாகவே கேட்கிறேன். மற்றதைப் பற்றி எழுத வேண்டியதில்லை.

இப்படிக்கு,
அப்பா எஸ்றா


2025 ஜூலை 8, தூத்துக்குடி
பொருள்: மெயில் பாதுகாப்பு – செய்ய வேண்டியவை

அப்பா,

முதலில், பொருள் என்ற இடத்தில் ‘கடிதம்’ என்று போடாதீங்க. வருவது எல்லாமே கடிதம்தான். எதைப் பற்றிய கடிதம் என்று போடணும். ஒரு மாதம் கழித்துத் தேடும்போது நீங்களே திண்டாடுவீங்க.

பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும். சம்பந்தமே இல்லாத நாலு வார்த்தையைச் சேர்த்துப் போட்டால் போதும். பேர், பிறந்த தேதி, வீட்டு நம்பர் கூடாது. ஒரே பாஸ்வேர்டை நாலு இடத்தில் போடக் கூடாது. செட்டிங்ஸில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு என்று இருக்கும், அதை ஆன் பண்ணுங்க. உள்ளே நுழையும்போது உங்கள் போனுக்கு ஒரு எண் வரும். அந்த எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீங்க. நானே கேட்டாலும்.

மெயிலுக்குள் இருக்கிற லிங்கை அழுத்தாதீங்க. பேங்க்கோ கரண்ட் ஆபீஸோ, முகவரியை நீங்களே டைப் பண்ணிப் போய்ப் பாருங்க. எதிர்பார்க்காத அட்டாச்மென்ட்டைத் திறக்காதீங்க. அனுப்பியவர் பேரை நம்பாதீங்க, பேருக்குப் பின்னால் இருக்கிற மெயில் முகவரியைப் பாருங்க. பேரை யாரும் எப்படியும் வைத்துக்கொள்ளலாம்.

அவசரம் என்று சொல்கிற மெயில் பெரும்பாலும் பொய். உண்மையான அவசரம் மெயிலில் வராது.

துறைமுகத்தில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியின் மெயில் முழுவதையும் நான்தான் கட்டி மேய்க்கிறேன். படித்த மேனேஜர்களே வாரத்துக்கு ஒருத்தர் மாட்டுகிறார்கள். எனக்கு இதே மெயிலில் எழுதுங்க.

பெனிஸ்டன்


2025 ஜூலை 14, நாசரேத்
பொருள்: செயல்படுத்திய விவரமும் இரண்டு சந்தேகங்களும்

அன்புள்ள மகனுக்கு,

உன் 8-ம் தேதி மெயில் கிடைத்தது. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை ஆன் செய்துவிட்டேன். காது கேட்காவிட்டாலும் எண் கண்ணுக்குத் தெரிகிறது.

பாஸ்வேர்டு இப்போதைக்கு, புது வருட ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டையின் வேத வசன எண். வருடத்துக்கு வருடம் அட்டை மாறும், பாஸ்வேர்டும் மாறும். இது போதும்தானே?

வருகிற மெயில் ஒவ்வொன்றையும் பிரிண்ட் எடுத்து, வரவு எண் போட்டு, துளையிட்டு ஃபைலில் கோத்துவிடுகிறேன். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூட ஆபீசில் தபால் பார்த்தவனுக்குத் தாளில் இல்லாதது வந்ததாகவே தோன்றுவதில்லை. சங்கத்துக்குப் பச்சை ஃபைல். உனக்கு நீல ஃபைல். நீல ஃபைலில் இப்போது ஒரு தாள் இருக்கிறது.

நாற்பத்துமூன்று பேருக்கும் முதல் சுற்றறிக்கை அனுப்பினேன். எல்லார் முகவரியும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஒருவர் தன் மூல வியாதிக்கு என்னிடம் மருந்து கேட்டு, அதை நாற்பத்துமூன்று பேருக்கும் அனுப்பிவிட்டார். இதற்கு வழி என்ன?

அப்பா எஸ்றா


2025 ஜூலை 15, தூத்துக்குடி
பொருள்: பாஸ்வேர்டை இன்றே மாற்றவும்

அப்பா,

அந்த அட்டை வருடா வருடம் போல மானிட்டருக்கு மேலே ஆணியில்தான் தொங்கும். கோயிலில் நீங்க எடுத்ததும் போதகர் ஐயரே சத்தமாக வாசித்திருப்பார். ஊருக்கே தெரிந்த எண்ணைப் பூட்டாகப் போட்டிருக்கீங்க. நம் ஆட்களில் பாதிப் பேர் இப்படித்தான் வைத்திருப்பார்கள், எனக்குத் தெரியும். இன்றே மாற்றுங்க. அதை எனக்கு எழுதவும் வேண்டாம்.

முகவரிகளை ‘பெறுநர்’ கட்டத்தில் போடாமல் பி.சி.சி. என்ற கட்டத்தில் போடுங்க. ஒருத்தர் முகவரி இன்னொருத்தருக்குத் தெரியாது. மூல வியாதிக்காரர் ‘எல்லோருக்கும் பதில்’ அழுத்தினாலும் உங்களுக்கு மட்டும்தான் வரும்.

பிரிண்ட் எடுப்பது வேண்டாத வேலை. மெயில் எங்கேயும் ஓடிப் போகாது. மையும் தாளும் வீண்.

இன்னொன்று. என் பேரிலேயே போலி மெயில் வரலாம். வேற முகவரியிலிருந்து வரும். பாசமாக உருகும். ஏதாவது கெடு வைக்கும். ஒரு அட்டாச்மென்ட் இருக்கும். நான் உருகி எழுதுகிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டு விஷயம் தெரிந்திருக்கிறதே என்று ஏமாறாதீங்க. அம்மா பேர்கூடத் தெரிந்திருக்கும், தேடி எடுத்துவிடுவார்கள். அந்த மெயிலுக்கே பதில் போட்டு “நீதானா” என்று கேட்பதில் அர்த்தம் இல்லை, கேட்பதே திருடனிடம். ஆளை நேரில் பார்த்து உறுதி பண்ணணும். முடியாதா, ஸ்பாம் என்று அழுத்தி அழியுங்க. ட்ராஷையும் காலி பண்ணுங்க. யோசிக்காதீங்க. யோசிக்கிறவர்தான் மாட்டுவார்.

சனிக்கிழமை ஆனால் ஆபீசில் எல்லோரும் போய்விடுவார்கள். நான் சர்வர் ரூமில்தான் இருப்பேன், ஏ.சி. இருக்கிறது. சந்தேகம் இருந்தால் அன்றைக்கும் எழுதலாம்.

பெனிஸ்டன்


2025 ஜூலை 23, நாசரேத்
பொருள்: பி.சி.சி. வெற்றி, மற்றும் ஒரு தகவல்

அன்புள்ள மகனுக்கு,

பாஸ்வேர்டு மாற்றியாயிற்று. பி.சி.சி. நன்றாக வேலை செய்கிறது. மருந்து கேட்டவர் இந்தத் தடவை எனக்கு மட்டும் கேட்டார்.

சனிக்கிழமையும் ஆபீசில் இருப்பதாக எழுதியிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை? கோயிலுக்குப் போகிறாயா, மதியம் எங்கே சாப்பிடுகிறாய்? நான் காலையிலேயே இரண்டு நேரத்துக்கும் பொங்கி வைத்துவிடுகிறேன். ஒரு ஆளுக்கு அளந்து அரிசி போட இன்னும் கை பழகவில்லை.

ஆகஸ்ட் 17 ஞாயிறு நம் கோயிலில் அசனம். ஊரே ஒரு பந்தியில் உட்காருகிற நாள். பெனிஸ்டன் வருவானா என்று மூன்று பேர் என்னிடம் விசாரித்தார்கள். அதை இங்கே பதிவு மட்டும் செய்கிறேன்.

அப்பா எஸ்றா


2025 ஜூலை 24, தூத்துக்குடி
பொருள்: ஆபீஸ் மெயில்

அப்பா,

இது ஆபீஸ் முகவரி. இதில் வருவதும் போவதும் எல்லாம் சேமிப்பில் இருக்கும், மேலிடம் நினைத்தால் எடுத்துப் படிக்கலாம். அந்தச் சேமிப்பைப் போட்டு வைத்தவனே நான்தான். சோறு, கோயில், அசனம் எல்லாம் இதில் எழுதாதீங்க. வீட்டு விஷயத்தை ஆபீஸ் மெயிலில் எழுதக் கூடாது என்பதும் ஒரு விதிதான்.

பெனிஸ்டன்


2025 ஆகஸ்ட் 11, நாசரேத்
பொருள்: போலி மெயில் பிடிபட்டது

அன்புள்ள மகனுக்கு,

உன் 24-ம் தேதி உத்தரவுப்படி வீட்டு விஷயம் எழுதாமல் இருந்தேன். எழுத வேறு ஒன்றும் இல்லாததால் பதினெட்டு நாள் ஓடிவிட்டது. இது பாதுகாப்பு விஷயம், எழுதலாம்.

நீ சொன்னபடியே உன் பேரில் ஒரு போலி மெயில் வந்தது. இந்தத் தடவை நான் ஏமாறவில்லை. எப்படிப் பிடித்தேன் என்று கேள்.

பேர் பெனிஸ்டன் என்று இருந்தது. பின்னால் இருந்த முகவரியைப் பார்த்தேன். உன் ஆபீஸ் முகவரி இல்லை, ஏதோ புதிது. அங்கேயே பாதி தெரிந்துவிட்டது. ‘என் பிரியமுள்ள அப்பாவுக்கு’ என்று ஆரம்பிக்கிறான். நீ ‘அப்பா’ என்று எழுதி ஒரு காற்புள்ளி போடுவாய், அவ்வளவுதான். கெட்டிக்காரன், ஆனால் வீட்டுப்பாடம் செய்யவில்லை.

அடுத்து, தப்பை ஒத்துக்கொள்கிறான். கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒரு கறுப்பு டிஸ்க் மாட்டியிருந்ததாம். அம்மாவின் படங்கள் வாரா வாரம் தானாகவே அதில் நகல் ஆகிக்கொண்டிருந்தனவாம். ஜெபக்கூட்டத்துக்கு முந்தின கிறிஸ்துமஸில் அதை அவனே கழற்றித் தூத்துக்குடிக்குக் கொண்டுபோய், அழித்துவிட்டு சினிமா ஏற்றிக்கொண்டானாம். “நாற்பது பேர் முன்னால் உங்களைத் திட்டும்போதே அது எனக்குத் தெரியும், தெரிந்ததால்தான் அவ்வளவு சத்தம் போட்டேன்” என்று எழுதியிருக்கிறான். இந்த இடத்தில் முடிவுக்கு வந்துவிட்டேன். என் மகன் அன்றைக்குச் சொன்னது வேறு. “ஒரு மெயில வாசிச்சி நெசமா பொய்யான்னு தெரியல, நீங்கல்லாம் என்ன ஆபீஸ் பாத்திய?” என்றுதான் கேட்டான். இந்த ஆள் மன்னிப்புக் கேட்கிறான்.

கெடுவும் வைத்திருந்தான். அசனத்துக்குள் பதில் வந்தால் வருவானாம், வராவிட்டால் வர முகம் இல்லையாம். அசனத் தேதி கோயில் நோட்டீசில் உள்ளது, யாரும் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியில் அட்டாச்மென்ட். அதன் பேர் ‘அம்மா’. அம்மா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற படமாம், ஒன்றே ஒன்று பழைய மெயிலில் கிடைத்ததாம், திறந்து பாருங்கள் என்கிறான். இவர்கள் எங்கே கை வைப்பார்கள் என்று நீ எழுதியது எவ்வளவு சரி. அதன்மேல் மவுசை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். திறக்கவில்லை. ஸ்பாம் என்று அழுத்தி அழித்தேன். ட்ராஷையும் காலி செய்துவிட்டேன்.

சரியாகச் செய்திருக்கிறேனா?

அப்பா எஸ்றா


2025 ஆகஸ்ட் 11, தூத்துக்குடி
பொருள்: ட்ராஷ்

அப்பா,

ட்ராஷ் முழுக்கக் காலியா? திரும்ப எடுக்க முடியாதபடியா?

விதிப்படி சரியாகத்தான் செய்திருக்கீங்க.

பெனிஸ்டன்


2025 ஆகஸ்ட் 12, நாசரேத்
பொருள்: காலி – ஆனால் ஒரு தாள் இருக்கிறது

அன்புள்ள மகனுக்கு,

முழுக்கக் காலி. சரி என்று நீ எழுதியதைப் பிரிண்ட் எடுத்துக் கோத்துவிட்டேன். அப்படி ஒரு வார்த்தை உன்னிடமிருந்து வந்தது வரவில் இருக்கட்டும்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அழிப்பதற்கு முன்னால் அந்தப் போலி மெயிலையும் பிரிண்ட் எடுத்துவிட்டேன். எழுத்து மட்டும்தான் வந்தது, படம் வரவில்லை. கடைசி வரியில் ‘இணைப்பு: அம்மா’ என்று இருக்கிறது. மை வீண் என்று திட்டாதே, கை பழக்கம். எந்த ஃபைலில் வைப்பது என்பதுதான் சிக்கல். சங்க ஃபைலில் சேராது. உன் ஃபைலில் வைக்க முடியாது, நீ எழுதியது இல்லை. பஜாரில் ஒரு சிவப்பு ஃபைல் வாங்கி, மேலே ‘அனுப்புநர் தெரியவில்லை’ என்று எழுதி உள்ளே வைத்திருக்கிறேன்.

காலையில் சோறு பொங்கிவிட்டு அதை எடுத்து வாசிக்கிறேன். நேற்று ஜீவமணி வந்தபோது வாசித்துக்கொண்டிருந்தேன். “என்ன அண்ணாச்சி, கண்ணு கலங்கிருக்கு” என்றார். வெங்காயம் என்றேன். திருடன் எழுதியதை வாசித்து அழுகிறேன் என்று ஒரு செயலாளர் எப்படிச் சொல்வது?

அவன் எவனாய் இருந்தாலும் நன்றாக எழுதுகிறான். அவனுக்கும் எங்கேயோ ஒரு அப்பா இருப்பார். அவருக்குப் போக வேண்டியது முகவரி மாறி இங்கே வந்துவிட்டது போல இருக்கிறது. அது அவர் கையில் கிடைத்து, அவரும் இதே மாதிரி பிரிண்ட் எடுக்கிற ஆளாக இருந்தால் அவருக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்பா எஸ்றா


2025 ஆகஸ்ட் 14, தூத்துக்குடி
பொருள்: சிவப்பு ஃபைல்

அப்பா,

இதை ஆபீஸ் மெயிலில்தான் எழுதுகிறேன். யார் படித்தாலும் படிக்கட்டும்.

உங்கள் மெயில் வந்து இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்தேன். ஒரு வரி எழுதுவதும் அழிப்பதுமாக இருந்ததைப் பார்த்துவிட்டு டெரன்ஸ் கேட்டான். பக்கத்து சீட்டுக்காரன், சொந்த ஊர் புன்னைக்காயல். “ஏலே, ஞாயித்துக்கெழமையும் இங்கனயே கெடக்க. மெஷினுக்கு நீ காவலா, ஒனக்கு மெஷின் காவலா?” அவன் சனிக்கிழமை படகும் வலையும் பார்க்க வீட்டுக்குப் போகிறவன். என்னுடைய ஜன்னலில் கப்பல் தெரியும். எந்தக் கப்பல் எந்த பெர்த்தில் என்று எனக்கு மனப்பாடம். அதில் ஒன்றிலும் தெரிந்த ஆள் இல்லை. நாசரேத் பஸ் ஒன்றரை மணி நேரம்தான். பதினெட்டு மாதமாக எனக்கு அது தெரியும்.

போலி இல்லை. நான்தான் எழுதினேன். வீட்டு விஷயம் ஆபீஸ் மெயிலில் கூடாது என்று நானே சொன்னதால் அதற்கென்று புது முகவரி திறந்தேன். உருகினேன், கெடு வைத்தேன், அட்டாச்மென்ட் வைத்தேன். போலி மெயிலுக்கு நான் சொன்ன அடையாளம் ஒன்று விடாமல் அதில் இருந்தது. வேறு யார் அனுப்பியிருந்தாலும் நானே அழிக்கச் சொல்லியிருப்பேன்.

டிஸ்கைக் கழற்றியது நான். அழித்தது நான். பேக்கப் இல்லாமல் ஒரு கம்ப்யூட்டரை விட்டு வைப்பது ஆபீசில் என்றால் வேலை போகிற தப்பு. நீங்க ஒரு மெயிலைத் திறந்ததால் படங்கள் பூட்டிக்கொண்டன. அவை திரும்பாமல் போனது என்னால். கூட்டத்தில் யாராவது “நகல் இல்லையா” என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் முந்திக்கொண்டு உங்களைத் திட்டினேன். யாரும் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

படம் இருக்கிறது. நான் காலேஜில் இருந்தபோது அம்மா மெயில் பழகினார்களே, அப்போது எனக்கு அனுப்பிய முதல் மெயில். அதில் இருந்த படம் எட்டு வருடம் திறக்காமலே கிடந்தது. “பெரிய ஃபைல் அனுப்பாதீங்க, இன்பாக்ஸ் நிறைகிறது” என்று அன்றைக்கு ஒரு வரி பதில் போட்டிருக்கிறேன், அதுவும் அங்கேயே இருக்கிறது. படத்தில் அம்மா கேமராவைப் பார்க்கவில்லை. கீபோர்டில் எந்தக் கட்டையை அழுத்துவது என்று கீழே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பின்னால் உங்கள் பாதித் தோள் தெரிகிறது, கக்கத்தில் ஒரு ஃபைல்.

இந்த மெயிலில் இணைக்கவில்லை. இணைத்தால் நீங்க திறக்க மாட்டீங்க, திறக்கவும் கூடாது. எப்படிக் கொடுக்கட்டும் என்று சொல்லுங்க.

அந்தத் தாளை என் ஃபைலுக்கு மாற்றிவிடுங்க.

பெனிஸ்டன்


2025 ஆகஸ்ட் 15, நாசரேத்
பொருள்: மாற்ற இயலாது

அன்புள்ள மகனுக்கு,

உன் 14-ம் தேதி மெயில் கிடைத்தது. தாளை மாற்றவில்லை. மெயிலில் வரும் கோரிக்கையை ஆளை நேரில் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்பது நீ போட்ட விதி. அதை உனக்காகத் தளர்த்த முடியாது.

முதல் தடவை வாசித்தபோதே நீயாக இருக்குமோ என்று தோன்றியது. கறுப்பு டிஸ்க் எனக்கும் ஞாபகம் இருந்தது. ஆனால் நம்பிய பிறகு நீ இல்லை என்று ஆகிவிட்டால் என்ன செய்வது? ஒரு தடவை ஏமாந்ததையே நாற்பது பேர் பார்த்தார்கள். இந்தத் தடவை பார்க்க ஒரு ஆளும் இல்லை, அது அதைவிட மோசம். அதனால் விதியைப் பிடித்துக்கொண்டேன்.

இந்த வீட்டுப் படி ஏறாதே என்று நான் அன்றைக்குச் சொன்னது வாய்மொழி உத்தரவு. எழுத்தில் எங்கும் இல்லை. செல்லாது.

அசனம் ஞாயிறு மதியம். சனிக்கிழமையே இரண்டு ஆளுக்கு அரிசி போடுகிறேன், அளவு எனக்குச் சரியாக வருவது அப்போதுதான். படத்தைத் தாளில் எடுத்து வா. பேசும்போது என் முகத்துக்கு நேரே நின்று பேசு.

சிவப்பு ஃபைலிலிருந்து நீல ஃபைலுக்கு நீயே மாற்று. அந்தத் தாளில் இன்னும் எண் போடவில்லை, துளையும் இடவில்லை. பஞ்சிங் மிஷின் மேசைமேல் இருக்கிறது.

அப்பா